எங்கள் ரோட்டுக்கு நாங்கள் போட்ட வரி

"இனிமே நான் ஆஸ்பத்திரிக்கு வரல" என்றது அக்கா.

கிட்னி ரெண்டும் வேலையை நிறுத்திக் கொஞ்ச காலம் ஆகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். மெஷின் பக்கத்தில் படுத்துக் கிடப்பது அக்காவுக்குக் கஷ்டமில்லை. ஊசிக்குப் பயமில்லை. தண்ணீர் கம்மியாகக் குடிப்பதுகூடப் பழகிவிட்டது. ரோடு மட்டும் பழகவில்லை.

நான் ஆட்டோ ஓட்டுகிறவன். அக்கா போவதும் வருவதும் என் வண்டியில்தான். செங்கம் ரோடு வரைக்கும் ஒன்றும் பிரச்சினை இல்லை. அங்கே வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் ரூம் எடுத்துத் தங்கி, காபி குடித்து, நிம்மதியைத் தேடுகிறார்கள். தேடட்டும். அங்கிருந்து உள்ளே திரும்பி அடி அண்ணாமலை பக்கம் போகிறது எங்கள் ரோடு. ரோடு என்பது பழைய பேச்சு. எப்போதோ தார் போட்டார்கள். இப்போது அந்தத் தார் அங்கங்கே தீவு மாதிரி நிற்கிறது. மற்றதெல்லாம் குழி. மழை பெய்தால் எருமை வந்து படுக்கிறது. எருமையைக் குறை சொல்ல முடியாது. குட்டையைப் பார்த்தால் அது படுக்கத்தான் செய்யும்.

போகும்போது அக்கா சும்மா உட்கார்ந்து வரும். வரும்போது உடம்பில் தெம்பு இருக்காது, தலை சுற்றும். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் வைத்துக்கொள்ளும். எங்கள் ரோட்டில் திரும்பியதும் கவருக்கு வேலை வந்துவிடும். அன்றைக்கு வாந்தியோடு நிற்கவில்லை. ஒரு குழியில் வண்டி இறங்கி ஏறினதில், ஊசி போட்டு வந்த கை கம்பியில் இடித்து ரத்தம் கசிந்தது. வீட்டு வாசலில் இறங்கினதும்தான் அந்தப் பேச்சு.

"ரோடு போட்டப்புறம் கூப்புடு. வரேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் வூட்லயே சாவுறேன். வூடு குலுங்காது."

அக்கா விளையாட்டுக்குப் பேசுகிற ஆள் இல்லை. கல்யாணம் வேண்டாம் என்று ஒருமுறை சொன்னது. அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

நர்ஸம்மா முன்பே சொல்லியிருந்தார்கள். சேர்ந்தாற்போல நாலு தடவை விட்டால் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறும், அப்புறம் எங்களைத் தேடாதீங்க என்று. ஆஸ்பத்திரி பேச்சுக்கு அது மரியாதையான பேச்சு.

நான் ரோட்டுக்குக் காசு கட்டாதவன் இல்லை. வண்டி வாங்கினபோது கட்டினேன். பெட்ரோல் போடும்போதெல்லாம் கட்டுகிறேன். வண்டித் தகுதிக்கு எஃப்சி காட்டும்போது கட்டுகிறேன். வண்டிக்கு வயசானதற்குப் பசுமை வரி என்று ஒன்று கட்டினேன். எனக்கு வயசானதற்கு இன்னும் கேட்கவில்லை. இவ்வளவும் எந்த ரோட்டுக்குப் போகிறது என்று தெரியாது. எங்காவது ஒரு ரோடு என் காசில் வழவழ என்று இருக்கும். அதில் போகிறவர்கள் நன்றாக இருக்கட்டும்.

மறுநாள் ஒரு ஆபீசுக்குப் போனேன். எல்லை பார்த்துவிட்டு, இந்த ரோடு எங்களுது இல்லை என்றார்கள். இன்னொரு ஆபீஸ் காட்டினார்கள். அங்கே போனேன். பாதி எங்களுதுதான் என்றார் அங்கிருந்தவர். எந்தப் பாதி என்று கேட்டேன். குழி இல்லாத பாதி என்றார். அப்படி ஒரு பாதி இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த ஆபீசுக்குப் போகிற ரோடு மட்டும் நன்றாக இருந்தது. அதையும் சொல்லவேண்டும்.

அடுத்த ஆஸ்பத்திரி முறை வந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. வண்டியை வாசலில் ஸ்டார்ட் பண்ணிவிட்டு நின்றேன்.

"பெட்ரோல் வேஸ்ட் பண்ணாத" என்றது உள்ளேயிருந்து.

அந்த முறை போய்விட்டது. சாயங்காலம் முகம் உப்ப ஆரம்பித்தது. ஸ்டாண்டில் போய் விஷயத்தைச் சொன்னேன். உடம்பு நன்றாக இருந்தவரை அக்கா ஸ்டாண்டு பக்கத்தில் இட்லிக்கடை போட்டிருந்தது. ஸ்டாண்டில் இருக்கிற எல்லாரும் அந்த இட்லி தின்று தொந்தி போட்டவர்கள். மறுநாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். சங்கத் தலைவர், பேட்டரி ஆட்டோ ஓட்டுகிற தம்பி, இன்னும் நாலைந்து பேர். ரெண்டு வீடு தள்ளி இருக்கிற டிப்பர்காரரும் லுங்கியோடு வந்தார். அவருக்குச் சொந்தமாக ஒரு டிப்பர் லாரி. கல் உடைக்கிற இடத்திலிருந்து லோடு அடிக்கிறார். எங்கள் ரோட்டின் நிலைமைக்கு முக்கியமான காரணம் வாசலில் பல் குச்சியோடு நின்றது.

அக்காவைச் சமாதானம் பண்ண வந்தவர்கள். அக்கா பேச விடவில்லை.

"என்னைச் சமாதானம் பண்ணி இன்னா ஆவுது. குழியைச் சமாதானம் பண்ணுங்க."

"அதான்க்கா, நாமளே போட்டுக்கலாம்னு பாக்குறோம்" என்றார் தலைவர். "இந்த ரோட்டுல ஓடுற வண்டிங்கோ எல்லாம் ஆளுக்கு இவ்ளோன்னு குடுத்துட்டா முடிஞ்சிது."

எவ்வளவு என்பதில்தான் தொடங்கியது.

"சக்கரக் கணக்கு வெச்சிக்கலாம்" என்றார் தலைவர். "பைக்குக்கு ரெண்டு. ஆட்டோவுக்கு மூணு. டிப்பருக்குப் பத்து."

"ஸ்டெப்னியையும் சேத்துக்கோங்க" என்றார் டிப்பர்காரர். "ஸ்டீரிங்கும் வட்டமாத்தான் கீது."

"அப்ப பெட்ரோல் கணக்கு. யாரு ஜாஸ்தி ஊத்துறாங்களோ அவங்க ஜாஸ்தி."

"நல்ல யோசனைண்ணா" என்றான் பேட்டரி தம்பி. அவன் வண்டி பெட்ரோல் வாசனையே பார்த்ததில்லை. எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம்.

"என் வண்டி போறது ரோட்டுக்கே தெரியாதுண்ணா. சத்தமே வராது."

"குழிக்குத் தெரியும்டா" என்றார் தலைவர். "போன வாரம் உன்னைத் தூக்கிவுட்டது யாரு?"

அவன் முழங்கையைத் தடவிக்கொண்டான்.

"எவ்ளோ ட்ரிப்பு அடிக்கிறோமோ அவ்ளோ கட்டலாமே" என்றேன். சொன்ன பிறகுதான் தப்பு தெரிந்தது. எங்கள் ஸ்டாண்டில் யாருக்கும் சவாரி கிடைப்பதில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். காலையிலிருந்து போணியே ஆகவில்லை என்பார்கள். பாதிப் பேர் மாடி வீடு கட்டியிருக்கிறார்கள். போணியாகாமல் கட்டியது.

"எனக்கு ட்ரிப்பே கம்மி" என்றார் ஒருவர்.

"எனக்கு அதுவும் இல்ல" என்றார் இன்னொருவர்.

அக்கா கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தது. முகம் பூசணிக்காய் மாதிரி இருந்தது. நிற்பதற்கே மூச்சு வாங்கியது.

"ஜாஸ்தி குலுங்குறவங்க கட்டணும்னா நான்தான் கட்டணும்" என்றது. "குலுக்குறவங்க கட்டணும்னா, தோ, அவுரு."

டிப்பர்காரர் பல் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"நான் மட்டும் இன்னா, வரி கட்டாமயா ஓட்டுறேன்? வண்டிக்குக் கட்டி, டீசலுக்குக் கட்டி, நடுவுல கை நீட்டுறவனுக்குக் கட்டி, மிச்சம் இந்த லுங்கிதான். துட்டாக் கேட்டா என்னால முடியாதுக்கா. கல்லாக் கேளுங்க, தரேன்."

"கல்லே குடு" என்றது அக்கா. "எல்லாருக்கும் அதான். துட்டு வேணாம். துட்டுன்னு வந்தா நாளைக்கே சங்கம் ரெண்டாயிடும். அவங்கவங்க வண்டி எவ்ளோ வெயிட்டு தூக்குமோ, அவ்ளோ கல்லு ஒரு தடவை கொண்டாந்து கொட்டுங்க."

ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. பேசுவதற்கு ஓட்டை இல்லை. பாரம் தூக்குகிற வண்டிதான் ரோட்டை உடைக்கிறது. சும்மா நிற்கிற வண்டி உடைப்பதில்லை. அக்கா இட்லிக்கடையிலும் இப்படித்தான். யார் தட்டில் எவ்வளவு சட்னி என்று ஒரு பார்வையில் முடித்துவிடும்.

கல் வந்தது. டிப்பர்காரர் ஒரு முழு லோடு ஜல்லி கொட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டினார். ஆட்டோக்கள் இடித்த கட்டடத்துச் செங்கல் கொண்டுவந்தன. பால்காரர் பைக்கில் வருகிறவர். அவர் பால் கேனிலேயே ஜல்லி அள்ளி வந்தார். மறுநாள் யாரும் அவரிடம் பால் வாங்கவில்லை. வாடகை ஸ்கூட்டரில் போகிற ஒரு வெள்ளைக்காரம்மா, நடப்பதைப் பார்த்துவிட்டு, பையில் ரெண்டு கல் கொண்டுவந்து வைத்தார். எங்களுக்குப் பக்கென்றது. மலைக் கல்லாக இருந்தால் தொடக்கூடாது. எங்களுக்கு மலைதான் சாமி. விசாரித்தால் அது அவர் தங்கியிருக்கிற வீட்டுக் காம்பவுண்டு சுவர். வீட்டு ஓனர் சண்டைக்கு வந்தார். அவர் காருக்கும் ஒரு லோடு பாக்கி இருப்பதைத் தலைவர் எடுத்துச் சொன்னார். போய்விட்டார்.

குழியெல்லாம் நிரப்பி, மண்வெட்டியால் தட்டினோம். ரோடு ரோலர் கிடையாது. என் ஆட்டோவை மேலும் கீழும் ஓட்டினேன். ரோலர் மாதிரி நினைத்துக்கொண்டு ஓட்டினேன். வேறு என்ன செய்வது.

அக்கா அடுத்த முறைக்கு வந்தது. திரும்பி வரும்போது கவரை மடியில் பிடித்துக்கொண்டே இருந்தது. டயருக்கு அடியில் கல் நறநற என்றது. ஆனால் இறங்கி ஏறவில்லை. வாசலில் கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டது.

"பரவால்ல" என்றது.

அக்கா வாயில் பரவால்ல என்பது பெரிய பட்டம். ஸ்டாண்டில் சொன்னதும் தலைவர் தானே ரோடு போட்ட மாதிரி எல்லாருக்கும் டீ சொன்னார். டீக்கு யார் காசு கொடுப்பது என்று அப்புறம் ஒரு கூட்டம் நடந்தது.

அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை மறந்துவிட்டோம். இந்த ஊரில் பிறந்தவன் மறக்கக்கூடாதது அது. பௌர்ணமி வருகிறது. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள் செருப்புப் போடமாட்டார்கள்.

எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பௌர்ணமி அன்று வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். எங்களுக்கு லீவு. அன்றைக்கு ரோடு எப்படி இருக்கும் என்று ஒரு டிரைவரும் யோசிப்பதில்லை. நாங்கள் கல் கொட்டும்போது டயரைத்தான் நினைத்தோம். ஊர் முழுக்கக் காலால் நடக்கிற ஊரில், காலை நினைக்கவில்லை.

எப்போதும் கிரிவலப் பாதை ஓரம் நடக்கிற ஒரு அன்னதானத்துக்கு அந்தத் தடவை எங்கள் ரோட்டு முனையில் இடம் கிடைத்திருந்தது. மத்தியானம் சாப்பாட்டுக்கு நின்ற கூட்டம் அப்படியே எங்கள் ரோட்டுக்குள் நீண்டுவிட்டது. வெறுங்கால். கீழே புது ஜல்லி. உடைத்த ஜல்லி ஒவ்வொன்றும் அரிவாள்மணை மாதிரி இருக்கும். எல்லாரும் சாமி பேரைத்தான் சொன்னார்கள். ஆனால் கும்பிடுகிற மாதிரி சொல்லவில்லை.

"எந்தப் புண்ணியவான்மா இங்க கல்லு போட்டது?" என்றார் ஒரு அம்மா. ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால் மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

தலைவர் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற என்னைத் தெரியாத மாதிரி இருந்தார்.

பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் விசாரித்தார். எங்களைக் காட்டிக்கொடுக்க ஆள் தேவையில்லை. லீவு நாளிலும் காக்கிச் சட்டையில் வரிசையாக நின்றோம்.

"யாரைக் கேட்டுய்யா ரோட்டுல கல்லு கொட்டுனீங்க?"

"குழி இருந்துச்சி சார்."

"குழி இருந்தா இருக்கட்டும். குழியால யாருக்கும் கால் கிழியல. சாயங்காலத்துக்குள்ள மொத்தத்தையும் அள்ளணும். இல்ல, வண்டி வெச்சி நாங்க அள்ளிடுவோம்."

குழி இருந்தவரைக்கும் ஒருத்தர் வரவில்லை. மூடினதும் வந்துவிட்டார்கள்.

மறுநாள் அக்காவுக்கு ஆஸ்பத்திரி. கல்லை அள்ளினால் குழி. குழி என்றால் அக்கா வராது. முகம் இப்போதுதான் வடிந்திருந்தது. நான் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அக்கா சேர் போட்டு வாசலில் உட்கார்ந்து, கூட்டம் நொண்டி நொண்டி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அள்ளச் சொல்றாங்கக்கா."

"அள்ளுங்க. பாவம், ஜனங்க."

"நாளைக்கி?"

அக்கா கூட்டத்தின் காலையே பார்த்தது. அப்புறம் கேட்டது.

"ஏண்டா, எல்லா வண்டிக்கும் வரி போட்டமே, ஒரு ஆளை வுட்டுட்டமே."

"யாரை?"

"நடக்குறவங்களை. அவங்களும் இந்த ரோட்டுலதான போறாங்க."

"அவங்க கிட்ட இன்னாக்கா இருக்குது? செருப்புகூட இல்ல."

"காலு இருக்குதில்ல. இவ்ளோ காலு. கல்லு மேல மண்ணைப் போடுங்க. மிதிக்கிறதை அவங்க பாத்துப்பாங்க."

மண்ணுக்கு எங்கே போவது? வண்டி எதுவும் ஓடக்கூடாத நாள். அப்போது டிப்பர்காரர் தன் வீட்டு வாசலில் மெதுவாகக் கதவைச் சாத்தினார். எனக்குச் சந்தேகம் வந்தது. போய்ப் பார்த்தேன். வீட்டை ஒட்டிய சந்தில் டிப்பர் நிற்கிறது. வேங்கிக்காலில் யாரோ புது வீடு கட்டுகிறார்கள், அங்கே கொட்டவேண்டிய செம்மண் கிராவல், முழு லோடு. வண்டி விடமாட்டார்கள் என்பதால் நிறுத்தி வைத்திருக்கிறார்.

"என்னைப் பாக்காத" என்றார்.

"பாக்கலண்ணா."

"நான் ஏற்கெனவே ஒரு லோடு குடுத்தாச்சி. ஒரே ரோட்டுக்கு ஒரே ஆளு ரெண்டு தடவை கட்டுவானா?"

"கவர்மென்ட்டுக்கு எத்தினி தடவை கட்டுறீங்க?" என்று பின்னாலிருந்து தலைவர் கேட்டார். இப்போது அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது.

டிப்பர்காரர் எங்களைத் தாண்டி அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பார். கேட்காத ஆளுக்கு எப்படி இல்லை என்பது? டிப்பரின் பின்கதவுக் கொக்கியைத் தட்டிவிட்டார்.

சாந்துச் சட்டியில் அள்ளி அள்ளிச் சுமந்தோம். வேலை இல்லாத நாள், ஸ்டாண்டே வந்துவிட்டது. பேட்டரி தம்பி எல்லாரையும்விட ஜாஸ்தி சுமந்தான். அவன் வண்டி மாதிரியே மண்ணும் சத்தமில்லாமல் போகிறது என்று அவனுக்கே சொல்லிக் காட்டினார்கள். அன்னதானக்காரர்கள் பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தெளித்தார்கள். போலீஸ்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். அள்ளச் சொன்னேனே என்று கேட்கவில்லை. கயிறு ஒன்று கொண்டுவந்து, வரிசை ரோட்டின் ஒரு கரையில் போய் மறு கரையில் திரும்புகிற மாதிரி கட்டினார். கூட்டத்தை ஒழுங்கு பண்ணத்தான் கட்டினதாகச் சொன்னார். நாங்களும் நம்பினோம்.

ஜனங்கள் மிதித்தார்கள். சாம்பார் சாதத்துக்காக மிதித்தார்கள். மோருக்காக மிதித்தார்கள். அந்த அம்மா மறுபடி வந்தார். பாதமெல்லாம் செக்கச்செவேல்.

"குங்குமத்துல நடக்குற மாதிரி கீது. எந்தப் புண்ணியவான் போட்டாரோ."

"நான்தாம்மா" என்றார் தலைவர்.

டிப்பர்காரர் அவரைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

காலையில் கூட்டம் வடிந்தபிறகு போய்ப் பார்த்தேன். எச்சில் இலையும் தண்ணீர் பாட்டிலும் கிடந்தன. அதைத் தள்ளிவிட்டுக் குதிகாலால் உதைத்தேன். சிமெண்டுத் தரை மாதிரி இருந்தது. ஒரு கல் எட்டிப் பார்க்கவில்லை. நாங்கள் வரி போட மறந்த ஜனங்கள் செய்துவிட்டுப் போன வேலை. ரசீது கேட்கவில்லை.

அப்புறம் ஒருநாள் எந்த ஆபீசிலிருந்தோ ஒருவர் வந்து ரோட்டைப் போட்டோ எடுத்தார். நல்லாத்தானே இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் புது ரோடு இந்தப் பக்கம் வராது. தெரிந்ததுதான். மழைக்கு மண் கரைகிறது. பௌர்ணமிக்கு முன்னால் வண்டிக்குத் தகுந்த மண் வந்து விழுகிறது. அன்னதானக்காரர்களிடம் போய், எங்கள் ரோட்டு முனையில்தான் புண்ணியம் ஜாஸ்தி என்று தலைவர் சொல்லிவிட்டு வருகிறார். அக்கா வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருக்கும். மண் போடாமல் போகிற வண்டியை ஒன்றும் சொல்லாது. பார்க்கும். அவ்வளவுதான். பசுமை வரிக்குக்கூட நான் இவ்வளவு பயந்ததில்லை.

அந்தப் பௌர்ணமிக்கு மறுநாள் அக்காவைக் கூட்டிப்போய்த் திரும்பி வந்தேன். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினேன். பின்னால் சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். அக்கா தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது. கவர் கையிலிருந்து நழுவிக் கீழே கிடந்தது. காலியாக.

வாசலில் நிறுத்தினேன். எழுப்பவில்லை. இன்ஜினை மட்டும் அணைத்தேன். ரோடு குறுகல். என் வண்டி நின்றால் பின்னால் எதுவும் போக முடியாது. டிப்பர் வந்து நின்றது. வேங்கிக்கால் வீட்டுக்காரருக்கு இன்னொரு லோடு மண், லேட்டான லோடு. டிப்பர்காரர் டிரைவர் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். ஆட்டோவைப் பார்த்தார். உள்ளே பார்த்தார்.

ஹாரன் அடிக்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். அவர் கட்டினதிலேயே அதுதான் பெரிய வரி.